சாரணப் பருவ நினைவெழுத்து – ஒரு மதிப்பீடு

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் இன்று எவருக்கும் தெரியாது. பாட்டில் ஆளப்பட்ட தொடரே பாடியவர்க்குப் பெயராயிற்று. தொடித்தலை விழுத்தண்டினார் என்று தமிழுலகம் அவரை அழைக்கின்றது. பூண் கட்டிய பெரிய ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு, இருமலுக்கிடையே சில சொற்களை மட்டும் பேசவல்ல முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணிப் பார்ப்பதே அப்பாடலின் பொருள். மணலாற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதும், தோழியரோடு கைகோத்துப் பொய்கையில் ஆடியதும், நீரை நோக்கித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவிற் குதித்ததும், அடிவரை மூழ்கி மணலை அள்ளிக்கொண்டு வந்ததும் அவர் நினைவில் எழுகின்றன.

முதியோர் தம் இளமையை நினைந்து எழுதும் எழுத்து யாவற்றுக்கும் இப்பாடலைக் கட்டளைக்கல்லாகக் கொள்ளலாம். இதில் மூன்று பண்புகள் சிறந்து நிற்கின்றன. ஒன்று, 'மகிழ்ந்திருந்தோம்' என்று பொதுப்படக் கூறாமல், குறித்த ஒரு செயலைக் கூறுவது. ஆழ மூழ்கியவர் அதற்குச் சான்றாகக் கைப்பிடி மணலைக் காட்டுகின்றார். இரண்டு, நினைப்பவரின் இன்றைய நிலையை மறைக்காதிருப்பது. ஊன்றுகோலும் இருமலும் இல்லையாயின் மடுவிற் குதித்த துணிவுக்கு இத்துணைப் பொருள் இராது. மூன்று, தம்மை மட்டுமன்றிக் கரையில் நின்றோரையும் பாட்டுக்குள் கொண்டுவருவது.

சாரணர் இயக்கத்தில் சிறுவயதைக் கழித்தோர் பிற்காலத்தில் அதனை நினைந்து எழுதியவற்றை இம்மூன்று பண்புகளையும் கொண்டு மதிப்பிடுவதே ஈண்டு நோக்கம். இவ்வெழுத்து வகை சிறியதெனத் தோன்றலாம். ஆயினும், பள்ளி ஆண்டு மலர்களிலும் பழைய மாணவர் மலர்களிலும் பன்முறை காணப்படுவது இதுவே. மாணவர் பலர் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதும் முதற் கட்டுரையும் பாசறை அனுபவத்தைப் பற்றியதாக அமைகின்றது. எனவே தமிழாசிரியர் இதனைப் புறக்கணித்தற்கில்லை.

இயக்கமே ஒரு நினைவு

சாரணர் இயக்கத்தின் தோற்றத்தை ஆராய்வோர் ஓர் உண்மையைக் காண்பர். அவ்வியக்கமே வளர்ந்த மனிதர் ஒருவர் தம் சிறுவயதைத் திரும்பிப் பார்த்ததன் விளைவாகும். 1857இல் பிறந்த பேடன் பவல், சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் பயின்றபோது பள்ளியை அடுத்த சிறு காட்டுக்குள் சென்று மறைந்திருப்பது வழக்கம். மாணவர் செல்லத் தடை விதிக்கப்பட்ட இடம் அது. அங்கே முயல் பிடிக்கவும், புகை தோன்றாமல் தீ மூட்டிச் சமைக்கவும், தேடி வரும் ஆசிரியரின் கண்ணுக்குப் படாமல் ஒளியவும் அவர் தாமே கற்றுக்கொண்டார். 1933இல் வெளியிட்ட 'வாழ்க்கைப் பல்கலைக்கழகத்துப் பாடங்கள்' எனப் பொருள்படும் தன்வரலாற்று நூலில் இதனைப் பெருமிதத்தோடு குறிப்பிடுகின்றார்.

1899ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1900ஆம் ஆண்டு மே வரை 217 நாள் நீடித்த மேஃபகிங் முற்றுகையின்போது, செய்தி கொண்டு செல்லும் பணியில் சிறுவர் படை ஆற்றிய தொண்டு அவர் மனத்திற் பதிந்தது. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு பாசறை ஒன்றை நடத்திப் பார்த்தார். மறு ஆண்டு, 'சிறுவர்க்கான சாரணியம்' என்னும் பொருள்பட்ட நூல் சிறு பகுதிகளாக வெளிவந்தது. இயக்கம் உலகெங்கும் பரவிற்று.

இவ்விடத்தே ஒரு முரண் உண்டு. ஆசிரியர் கண்ணுக்குத் தப்பி ஒளிந்த காடு, பெரியோர் வகுத்த திட்டப்படி நடைபெறும் பாசறையாக மாறியது. தடையை மீறிக் கற்றது, சின்னம் பெறுதற்குரிய பாடமாயிற்று. இதனைக் குறையெனக் கூறுதற்கில்லை. கல்வி என்பதே ஒருவர் தற்செயலாகக் கற்றதைப் பலர்க்கும் முறையாகக் கற்பிக்கும் முயற்சியன்றோ? ஆயினும், இம்முரணை மனத்திற் கொண்டால் பிற்காலத்தார் எழுதிய நினைவுகளின் போக்கு விளங்கும். அவர்கள் போற்றிப் புகழ்வது ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும். இனிது நினைப்பதோ, பெரியோர் உறங்கிய பின் கூடாரத்துக்குள் அடக்கிக்கொண்ட சிரிப்பை. புகழுரையும் நினைவும் வெவ்வேறு திசையில் செல்கின்றன. பல நினைவுக் கட்டுரைகள் உயிரற்றிருப்பதற்குக் காரணம், எழுதுவோர் நினைவை விடுத்துப் புகழுரையைப் பற்றிக்கொள்வதேயாகும்.

நன்றி கூறும் நினைவு

நன்றியுணர்வோடு எழுதப்பட்ட நினைவுகளுள் சிறந்த ஒன்று, அமெரிக்க உயிரியல் அறிஞர் எட்வர்ட் வில்சன் 1994இல் வெளியிட்ட 'நேச்சுரலிஸ்ட்' என்னும் தன்வரலாற்று நூலில் உள்ளது. எறும்புகளைப் பற்றிய ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற அவர் 1929இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் தூண்டிலிற் சிக்கிய மீனின் முள் குத்தி வலக்கண்ணின் பார்வையை இழந்தார். பெற்றோர் பிரிந்தமையாலும் தந்தை அடிக்கடி ஊர் மாறியமையாலும் பள்ளி பல மாறித் தனிமையில் வளர்ந்தார். அத்தகைய சிறுவனுக்குச் சாரணர் கைந்நூல் கிடைத்தது. வகுப்பறையிற் கிடைக்காத ஒழுங்கான கல்வியை அந்நூல் அளித்தது. இயற்கையை நேசிப்பது நகைப்புக்குரிய பழக்கமன்று, பாராட்டுக்குரிய தகுதி என்று முதன்முதலாக அதுவே சொல்லிற்று.

வில்சனின் எழுத்து வெறும் புகழுரையாக நின்றுவிடவில்லை. 1943ஆம் ஆண்டுக் கோடையில், மூத்த இளைஞர் பலர் போருக்குச் சென்றுவிட்ட காரணத்தால், பதினான்கு வயதுச் சிறுவராகிய அவரே ஒரு சாரணர் பாசறையில் இயற்கைப் பாட வழிகாட்டியாக அமர்த்தப்பட்டார். பாம்புகளைப் பிடித்துக் கூண்டிலிட்டு, அவற்றைக் காட்டிப் பாடம் நடத்தினார். சிறுவர்கள் வியந்தனர், பெருமை மிகுந்தது. பின்னர் ஒருநாள், கையாண்டுகொண்டிருந்த சிறு கிலுகிலுப்பைப் பாம்பொன்று அவரைக் கடித்துவிட்டது. மருத்துவரிடம் கொண்டு செல்லப்பட்டார். இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை.

மேற்கூறிய பண்புகள் மூன்றும் இப்பகுதியில் உள்ளன. பாம்பு குறித்த பொருளாக நிற்கின்றது. அதுவே மடுவின் அடியிலிருந்து அள்ளிய மணல். எழுதுகின்றவர் அறிவியலறிஞராக வளர்ந்துவிட்ட இன்றைய நிலை, அன்றைய சிறுவனின் துணிவையும் அறியாமையையும் ஒருசேரக் காட்டுகின்றது. சூழ்ந்து நின்று வியந்த சிறுவர்கள் கரையில் நின்றோராவர். வெற்றியை மட்டும் எழுதியிருந்தால் இப்பகுதி நற்சான்றிதழாகவே முடிந்திருக்கும். பாம்புக் கடியையும் சேர்த்து எழுதியமையால் இலக்கியமாயிற்று.

பிரிந்தவர் நினைவு

நன்றி கூறுவோர்க்கு நேர் எதிரே நிற்பவர்கள் இயக்கத்தை விட்டு விலகியோர். இவர்களுள் ஆங்கில எழுத்தாளர் லெஸ்லி பால் குறிப்பிடத்தக்கவர். 1951இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலின் பெயர் 'ஆங்ரி யங் மேன்' என்பது. சினங்கொண்ட இளைஞன் எனப் பொருள்படும். லண்டன் மாநகரில் வளர்ந்த அவர் சிறுவயதிற் சாரணராக இருந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் அவ்வியக்கத்தின் படைத்துறைச் சாயல் சிலர்க்கு வெறுப்பைத் தந்தது. அவ்வாறு வெறுத்தோருள் ஒருவரான ஜான் ஹார்கிரேவ் 1920இல் 'கிப்போ கிஃப்ட்' என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தார். லெஸ்லி பால் அதிற் சேர்ந்தார். பின்னர் அதனின்றும் பிரிந்து, 1925இல், இருபது வயதளவில், 'வுட்கிராஃப்ட் ஃபோக்' என்னும் சிறுவர் சிறுமியர் இயக்கத்தைத் தொடங்கினார்.

சினத்தை மட்டும் எழுதுவது எளிது. இவ்வரலாற்றிற் கருதத்தக்கது வேறொன்று. சாரணர் இயக்கத்தை விட்டு விலகியவர் கூடாரத்தை விட்டு விலகவில்லை. காடும், தீயும், கூட்டு வாழ்வும், பாடலும் புதிய இயக்கத்திலும் தொடர்ந்தன. அவர் மறுத்தது ஆணையிடும் முறையை. இழக்க மனமில்லாதது பாசறையை. எதனைத் துறந்தார், எதனைக் கையிற் கொண்டு சென்றார் என்று பிரித்துக் காண இயலுமாறு அமைந்த வாழ்வு இது. பிரிந்தவர் நினைவு புகழ்பவர் நினைவைக் காட்டிலும் சில வேளைகளில் நேர்மையானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சாரணராக இருந்தபோது ஒளிப்படக்கலைச் சின்னம் பெறுவதற்காக 1958இல் அவர் எட்டு மில்லிமீட்டர் படச்சுருளிற் சிறு படமொன்றை எடுத்தார். தம் கலை வாழ்வின் தொடக்கம் அதுவே என்று நன்றியோடு பலமுறை கூறியுள்ளார். அத்தகையவரே, தன்பாலீர்ப்புடையோரை விலக்கி வைத்த அமெரிக்கச் சாரணர் அமைப்பின் கொள்கையை ஏற்காது, 2001இல் அதன் ஆலோசனைக் குழுவினின்றும் விலகினார். அக்கொள்கை சிறுவர்க்கு 2013ஆம் ஆண்டு முடிவாலும், பொறுப்பேற்கும் பெரியோர்க்கு 2015ஆம் ஆண்டு முடிவாலும் தளர்த்தப்பட்டது. நன்றி பாராட்டுவோர் கண்டிக்கலாகாது என்பது பொதுவான எண்ணம். சாரணர் உறுதிமொழியை உண்மையாக உட்கொண்டவர் அவ்வுறுதிமொழிக்கு மாறாக அதே அமைப்பு நடக்கும்போது வாய் மூடி இருப்பது எவ்வாறு பொருந்தும்? இந்நிகழ்ச்சியில் கண்டனமே நன்றியின் வடிவமாக நிற்கின்றது.

வாயிலில் நின்றோர்

தமிழர்க்கு இவ்வியக்கத்தோடு உள்ள உறவின் தொடக்கம் இனிமையானதன்று. இந்தியாவில் 1909ஆம் ஆண்டளவில் சாரணர் படைகள் தோன்றியபோது, அவை ஆங்கிலேயச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்குமே உரியனவாக இருந்தன. இந்தியச் சிறுவர் வெளியே நின்றனர். சாரணர் எல்லாரும் உடன்பிறப்பினர் என்று முழங்கிய இயக்கம், அந்நாட்டு மக்களின் பிள்ளைகளுக்கு அவர்தம் மண்ணிலேயே இடமளிக்கவில்லை.

அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் அருண்டேல் அவர்களின் துணையோடு சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். தலையில் ஐரோப்பியத் தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை அணிந்து சிறுவர்கள் அணிவகுத்தனர். மறு ஆண்டு வடநாட்டில் மதன் மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். பேடன் பவல் 1921இல் இந்தியாவுக்கு வந்தபின், பெசன்ட் அம்மையாரின் சங்கம் மூல இயக்கத்தோடு இணைந்தது. பல்வேறு சங்கங்களாகச் சிதறிக் கிடந்த இயக்கம், விடுதலைக்குப் பின்னர் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரதச் சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றாயிற்று.

இவ்வரலாறு நினைவெழுத்தைப் பற்றி ஒன்றை உணர்த்துகின்றது. நினைவுக் கட்டுரை எழுதுவோர் யாவரும் உள்ளே இருந்தோரே. சேர இயலாதவர்க்குச் சாரணர் நினைவு இல்லை; எனவே அவரிடமிருந்து கட்டுரையும் வருவதில்லை. ஆண்டு மலரைப் புரட்டுவோர்க்கு எல்லாப் பிள்ளைகளும் பாசறைக்குச் சென்றதுபோலத் தோன்றும். சீருடை வாங்க வசதியின்றி நின்றவரும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் கடமையால் வார இறுதிப் பாசறைக்குச் செல்ல முடியாதவரும் அப்பக்கங்களில் இல்லை. உள்ளே இருந்தவர் ஒரு வரியிலேனும் அவர்களை நினைத்தல் வேண்டும். கரையில் நின்றோரைக் கண்ட புறநானூற்று முதியவரின் கண், இங்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வியக்கம் முதலில் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளின் வழியே வேரூன்றியது. சிங்கப்பூரில் 1910ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் முதற் சாரணர் உறுதிமொழி ஏற்றனர். அவ்வாண்டு இங்கு வந்த ஃபிராங்க் கூப்பர் சேண்ட்ஸ் பல்லாண்டு உழைத்து, மலாயாச் சாரணர் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூவும் ராபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றபோது சாரணராக இருந்தவரே. 1998இல் வெளிவந்த 'தி சிங்கப்பூர் ஸ்டோரி' என்னும் நூலில் அதனை அவர் விளையாட்டுகளோடும் சொற்போர்களோடும் சேர்த்துச் சில சொற்களில் முடித்துவிடுகின்றார். அடுத்து, தாம் மாணவர் தலைவராக ஒருபோதும் அமர்த்தப்படவில்லை என்பதையும், தம்மிடம் குறும்புத்தனம் இருந்ததையும் ஒளிக்காமற் கூறுகின்றார்.

இச்சுருக்கமும் ஒரு பாடமே. தலைமைப் பண்பை எனக்கு ஊட்டியது சாரணர் இயக்கமே என்று பெருந்தலைவர் ஒருவர் பத்துப் பக்கம் எழுதியிருந்தால், இயக்கத்தார் மகிழ்ந்து எடுத்தாண்டிருப்பர். அவர் அவ்வாறு செய்யவில்லை. சிறுவயதில் நிகழ்ந்த ஒவ்வொன்றையும் பிற்கால வெற்றிக்குப் படிக்கட்டாக அடுக்குவது நினைவெழுத்திற் பெருகிய நோய். முடிச்சுப் போடக் கற்றதால் வாழ்க்கைச் சிக்கலை அவிழ்க்கக் கற்றேன் என்று எழுதுவது அழகாகத் தோன்றலாம். ஆனால் முடிச்சுப் போட்ட விரல்களின் வலி அதில் இல்லை.

பேசப்படாத நினைவு

இனிமையான நினைவுகளைப் பற்றிப் பேசும்போது விலக்கிவிட இயலாத ஒன்று உண்டு. 1910இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சாரணர் அமைப்பு, 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் நொடிப்பு நிலைக்கான பாதுகாப்பைக் கோரி நீதிமன்றத்தை நாடியது. சிறுவயதில் தமக்குப் பொறுப்பாளராக இருந்தோரால் பாலியற் கொடுமைக்கு உள்ளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் முறையீடு செய்தனர். 246 கோடி அமெரிக்க டாலர் அளவிலான இழப்பீட்டுத் திட்டம் 2022இல் நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டு, 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வமைப்பு தன் பெயரையும் 'ஸ்கௌட்டிங் அமெரிக்கா' என மாற்றிக்கொண்டது.

இம்முறையீடுகளும் சாரணப் பருவத்தைத் திரும்பிப் பார்த்த நினைவுகளேயாகும். மலர்களில் இடம்பெறாத நினைவுகள். பல பத்தாண்டுகள் எவரிடமும் சொல்லாமல் நெஞ்சிற் சுமந்து, நரை தோன்றிய பின் நீதிமன்றப் படிவத்தில் எழுதப்பட்ட நினைவுகள். இவற்றுக்குச் சொல்லழகு இல்லை, தேவையும் இல்லை. ஆனால் இவற்றை அறிந்த பின், பாசறைத் தீயைச் சுற்றிப் பாடியதை மட்டும் எழுதும் கட்டுரையைப் பழைய மனநிலையோடு படித்தல் இயலாது.

நினைவு மலர் என்பது நீதிமன்றம் அன்று, மகிழ்ச்சியானவற்றை எழுதுவதில் என்ன குற்றம் என்று சிலர் வினவலாம். குற்றமில்லை. வில்சனின் நன்றி பொய்யன்று. எண்ணற்ற சிறுவர்க்கு அவ்வியக்கம் நன்மை செய்தது என்பதும் மறுக்க முடியாதது. ஆயினும், இனிமையை மட்டுமே எழுதுக என்பது எழுதப்படாத விதியாகிவிடும்போது, துன்புற்ற பிள்ளை தனக்கு நேர்ந்தது நினைவாகவே எண்ணத்தகாதது என்று கருதி அடங்கிவிடுகின்றது. மௌனம் இவ்வாறே வளர்க்கப்படுகின்றது. இயக்கத்தின் நற்பெயரைக் காப்பதைவிடப் பிள்ளையின் சொல்லைக் கேட்பது முதற்கடமை என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. 'பாசறை எவ்வாறு இருந்தது?' என்ற வினாவுக்கு 'இனிமையாக இருந்தது' என்னும் ஒரே விடையை எதிர்பார்த்து வினவுவோர்க்கு வேறு விடை ஒருபோதும் கிடைக்காது.

வகுப்பறையில் நினைவெழுத்து

மாணவர் எழுதும் பாசறைக் கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர் யாவரும் ஓர் அமைப்பை அறிவர். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான், பேருந்து புறப்பட்டது, மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினோம், பாசறைத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது, மறக்க முடியாத நாளாக அமைந்தது. எல்லா மாணவரும் ஒரே கடலில் மூழ்குகின்றனர். ஆனால் எவர் கையிலும் மணல் இல்லை. பிழையற்ற தமிழில் எழுதப்பட்ட இக்கட்டுரைகளுக்கு நல்ல புள்ளியும் கிடைக்கின்றது. அதனால் மாணவர் கற்பது யாது? தமக்கு நிகழ்ந்ததை எழுத வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்க வேண்டியதை எழுதினால் போதும் என்பதே.

இப்பழக்கம் வளர்ந்தோரிடமும் தொடர்கின்றது. நாற்பது ஆண்டுக்குப் பின் பழைய மாணவர் மலருக்கு எழுதுகின்றவரும் அதே பேருந்தில் ஏறுகின்றார். மழையில் ஒழுகிய கூடாரமும், வேகாத சோறும், உறுதிமொழி கூறும்போது மறந்துபோன வரியும், இரவில் வீட்டை நினைந்து அழுத அணித்தோழனும், அவனைக் கேலி செய்த நாணமும் மனத்தில் இருக்கின்றன, கட்டுரையில் இல்லை.

ஆசிரியர் செய்யத்தக்கன சில உள. ஒரு நாளின் நிகழ்ச்சிகள் அனைத்தையும் எழுதச் சொல்லாமல், ஒரே ஒரு செயலை எழுதச் சொல்லலாம். தம் கையால் தொட்ட பொருள் ஒன்றேனும் அதில் இடம்பெற வேண்டும் எனலாம். தம்மிடம் கண்ட குறை ஒன்றையும் எழுதச் செய்யலாம். பாசறைக்கு வராத நண்பன் ஒருவனைப் பற்றி ஒரு பத்தி எழுதச் செய்யலாம். உண்மையை எழுதிய மாணவரின் கட்டுரையில் அணிநயம் குறைந்திருப்பினும் அதற்குரிய மதிப்பை வழங்குதல் வேண்டும். சில கட்டுரைகளைப் பிறர் முன் படிக்காமல் தனியே அழைத்துப் பேச வேண்டியிருக்கும். அதனை அறியும் கூர்மையும் ஆசிரியர்க்கு வேண்டும்.

முடிவாகக் கூறுமிடத்து, சாரணப் பருவ நினைவெழுத்தின் மதிப்பு, அது இயக்கத்தைப் புகழ்கின்றதா பழிக்கின்றதா என்பதில் இல்லை. வில்சன் புகழ்கின்றார்; லெஸ்லி பால் விலகுகின்றார்; ஸ்பீல்பெர்க் நன்றி கூறியே கண்டிக்கின்றார்; லீ குவான் யூ சில சொற்களோடு கடந்து செல்கின்றார்; பல்லாயிரவர் வலியை முறையிடுகின்றனர். இவர்கள் அனைவரிடமும் நிகழ்ந்ததன் சுவடு இருக்கின்றது. தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமை முழுவதையும் மீட்டுத் தரவில்லை. பெயரைக்கூட விட்டுச் செல்லவில்லை. அடிவரை மூழ்கியதற்குச் சான்றாகக் கைப்பிடி மணலை மட்டும் காட்டினார். நினைவு எழுதப் புகும் மாணவரிடம் தமிழாசிரியர் முதலிற் கேட்க வேண்டியதும் அம்மணலையே.